கைடுக்கு நன்றி சொல்வது எப்படி? ஸ்காலர்களுக்கும் நெறியாளர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமாகட்டும், சிதம்பரத்தில் அண்ணாமலையாகட்டும், கடலூரில் ஏதாவது ஒரு கல்லூரியின் ஆய்வுத் துறையாகட்டும், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஒரு ஸ்காலர் தன் கைடோடு, அதாவது நெறியாளரோடு, குறைந்தது மூன்று வருடம் இருந்தாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி அதிகபட்சம் ஆறு வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருடம் கிடைக்கும். இவ்வளவு நீளமான உறவில் நன்றி என்பது பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் தலைகாட்டுகிறது. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் ஒரு பத்தி, வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று ஒரு சால்வை. இடையில் இருக்கிற வருடங்களெல்லாம் வறண்டு கிடக்கின்றன.

நான் புதுச்சேரியில் ஆய்வு முடித்தவன். இப்போது கடலூரில் ஸ்காலர்களை வழிநடத்துகிறேன். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நன்றி ஆய்வு வேலையைப் பற்றியதாக இருக்கும்வரை இருவருக்கும் நல்லது செய்யும். வேலையை விட்டு நகர்ந்து தீர்க்க வேண்டிய கடனாக மாறிவிட்டால் இருவரையும் கெடுக்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதல் படி: அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்

"என் கைடு ஒன்றுமே செய்யவில்லை" என்று சொல்லும் ஸ்காலரிடம் அவர் போட்ட கையெழுத்துகளை எண்ணச் சொல்வேன். உதவித்தொகை தொடர்வதற்கான சான்று, வீட்டு வாடகைப் படி விண்ணப்பம், களப்பணிக்குச் செல்ல அனுமதிக் கடிதம், நூலகத்துக்குப் பரிந்துரை, ஒவ்வொரு பருவத்திலும் ஆர்ஏசி என்ற ஆய்வு ஆலோசனைக் குழுவின் கூட்டம். அந்தக் குழுவைக் கூட்டி நடத்தும் பொறுப்பு கைடுடையது. நாள் பார்ப்பது, மற்ற உறுப்பினர்களைச் சம்மதிக்க வைப்பது, அறிக்கையை அலுவலகத்துக்கு அனுப்புவது எல்லாம் அவர் தலையில். ஆய்வேடு கொடுத்த பிறகு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் அதைப் படித்தாக வேண்டும். அதற்கான பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும்போது யார் நிஜமாகப் படிப்பார், யார் ஆறு மாதம் மேசையில் போட்டு வைப்பார் என்றெல்லாம் அவர் யோசித்திருப்பார். அது நமக்குத் தெரியவே வராது.

ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேர் வரை வழிநடத்தலாம். இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு. வகுப்பு, விடைத்தாள் திருத்தல், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்புகள் இவற்றுக்கு நடுவில்தான் உங்கள் இயலை அவர் கையில் எடுக்கிறார். இதைச் சொல்வது அவர் தாமதத்தை நியாயப்படுத்த இல்லை. எதற்கு நன்றி சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னால் அது வெறும் சடங்கு, அதற்காகத்தான்.

இதற்கு ஒரு எளிய பழக்கம் உண்டு. ஆய்வு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு, அன்று கைடிடமிருந்து என்ன கிடைத்தது என்று ஓரிரு வரி எழுதுங்கள். "கேள்விப் பட்டியலில் 'ஏன்' கேள்விகளை எடுத்துவிட்டு 'எப்போது' என்று கேட்கச் சொன்னார். இன்று களத்தில் அப்படிக் கேட்டேன், ஆட்கள் பேசினார்கள்." இப்படி. நான்காவது வருடம் நன்றியுரை எழுத உட்காரும்போது இந்தப் பக்கங்கள்தான் கைகொடுக்கும். எதுவுமே எழுத வராத மாதங்கள் தொடர்ந்து வந்தால் அதுவும் ஒரு செய்திதான். அதற்கு நான்காம் படியைப் பாருங்கள்.

இரண்டாம் படி: சூட்டோடு சொல்லுங்கள், குறிப்பாகச் சொல்லுங்கள்

என் கைடு திருத்திக் கொடுத்த தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இடது ஓரம் முழுக்கப் பச்சை மை. "யார் சொன்னது?" என்று ஓரிடத்தில். "இது முன்பே வந்துவிட்டது" என்று இன்னோரிடத்தில். ஒரு பத்தியின் மேல் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் "இது இல்லாமலே நிற்கும்". படிக்கும்போது முதலில் எரிச்சல் வரும். அந்தப் பத்தியை எடுத்துவிட்டுப் பார்த்தால் இயல் நிஜமாகவே அது இல்லாமல் நிற்கும். நன்றி சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பட்டமளிப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எப்படிச் சொல்வது? பெரும்பாலான ஸ்காலர்கள் எழுதுவது இப்படி: "ரொம்ப நன்றி ஐயா, நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை." மனதார எழுதியதாகவே இருக்கலாம். ஆனால் வாங்குகிறவருக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "ஐயா, இரண்டாம் இயலில் கள விவரத்தை முன்னால் கொண்டுவரச் சொன்னீர்கள். மாற்றினேன். இப்போது வாதம் நேராகப் போகிறது, மூன்றாம் இயலின் தொடக்கமும் தானாகக் கிடைத்துவிட்டது. நன்றி ஐயா." இதைப் படிக்கும் கைடுக்கு, தான் சொன்னது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிகிறது. அடுத்த இயலை அவர் இன்னும் கவனமாகப் படிப்பார். நான் கைடாக இருந்து அனுபவித்துச் சொல்கிறேன்: என் திருத்தத்தை ஒரு ஸ்காலர் பயன்படுத்தினார் என்று தெரியும்போது வரும் உற்சாகம் எந்தப் பாராட்டிலும் வராது.

விளிப்பதில் உங்கள் துறை வழக்கத்தையே பின்பற்றுங்கள். தமிழ்த்துறையில் ஐயா, அம்மா. அறிவியல் துறைகளில் சார், மேடம். மூத்த ஸ்காலர்கள் அண்ணன், அக்கா. நேரில் இயல்பாகச் சார் என்று கூப்பிட்டுவிட்டு, கடிதத்தில் மட்டும் "பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய" என்று தொடங்கினால் சொல்ல வந்த விஷயம் மூன்றாவது வரிக்குத் தள்ளிப்போகும்.

கூச்சம் ஒரு பெரிய தடை. "இதைப் போய்ச் சொன்னால் ஜால்ரா அடிக்கிறான் என்று நினைப்பார்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2018-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். தங்களுக்கு உதவியவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, படிப்பவர் என்ன நினைப்பார் என்று எழுதியவர்களையே கணிக்கச் சொன்னார்கள். பிறகு படித்தவர்களிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் கணித்ததைவிடப் படித்தவர்கள் அதிகம் மகிழ்ந்திருந்தார்கள், எழுதியவர்கள் பயந்த அளவுக்குச் சங்கடமும் படவில்லை. ஆக, கூச்சம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜால்ரா என்ற பயத்துக்கும் மருந்து குறிப்பாகச் சொல்வதுதான். "நீங்கள் மேதை" என்பது ஜால்ரா. "நீங்கள் சொன்னபடி மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டியதில் பிழை குறைந்தது" என்பது தகவல்.

சொல்லாமலே நன்றி சொல்லும் வழி ஒன்றும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். திருத்திய இயலைத் திரும்பக் கொடுக்கும்போது கூடவே ஒரு தாள் வையுங்கள். அதில் மூன்று கட்டம்: அவர் கேட்டது, நீங்கள் செய்தது, பக்க எண். ஏற்காத திருத்தத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். "பக்கம் 47-இல் இந்தப் பகுதியை நீக்கச் சொன்னீர்கள். ஐந்தாம் இயலில் இதற்கு வேலை இருப்பதால் சுருக்கி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்." அவருடைய ஒரு மாலை நேரத்தை இது மிச்சப்படுத்தும். நீங்கள் சொந்தமாக யோசிக்கத் தொடங்கிவிட்டதையும் காட்டும். ஒரு நல்ல கைடுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்றாம் படி: நன்றியையும் கைம்மாறையும் பிரித்து வையுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. நம் ஊரில் குருவுக்குச் செய்வது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மனசு நல்லதுதான். அதன் மறைவில் நடப்பதில் சில நல்லதில்லை.

முதலில் பொருள். பண்ருட்டிப் பக்கத்து ஸ்காலர் ஒருவர் வைகாசியில் வீட்டு மரத்துப் பலாப்பழத்தைத் துறைக்குக் கொண்டுவருகிறார். மேசையில் செய்தித்தாள் விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அட்டெண்டர் அண்ணன் பழத்தைப் பிளக்கிறார். சுளை எடுத்துக் கொடுக்க முதலாம் ஆண்டு மாணவியிலிருந்து துறைத்தலைவர் வரை சுற்றி நிற்கிறார்கள். அந்த மத்தியானம் யாருக்கும் யாரும் கடன்படவில்லை. அதே பழம் சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முந்தின நாள் கைடு வீட்டு வாசலில் இறங்கினால் கதை வேறு. கொடுத்தவருக்கும் உறுத்தும், வாங்கியவருக்கும் உறுத்தும், மற்ற ஸ்காலர்களுக்கு "நாமும் கொடுக்கணுமோ" என்ற கவலை வரும். எல்லோரோடும் பகிர்ந்து சாப்பிடக்கூடியதைக் கொண்டுவரலாம். ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் விலையுயர்ந்த எதையும், பட்டுப்புடவையோ வெள்ளி விளக்கோ, பட்டம் கைக்கு வரும்வரை தொடாதீர்கள். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறாத ஸ்காலருக்கு மாத உதவித்தொகை 8,000 ரூபாய். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு 2023 ஜனவரி முதல் 37,000. எதுவும் இல்லாமல் மாலை நேர டியூஷன் எடுத்துப் படிப்பவர்கள் கடலூர், நெல்லிக்குப்பம் பக்கம் எத்தனையோ பேர். ஒரே துறையில் இந்த மூன்று வகையினரும் இருக்கிறார்கள். பரிசு வழக்கம் ஒன்று தொடங்கினால் கஷ்டப்படப்போவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது வேலை. துறையின் கருத்தரங்குக்கு நாற்காலி போடுவது, நாக் குழு வரும்போது கோப்பு அடுக்குவது இவையெல்லாம் துறையில் இருக்கும் எல்லோருடைய வேலை. அதில் கை கொடுங்கள், கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. கைடின் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும், கரண்டு பில் கட்டுவதும், விடைத்தாள் மதிப்பெண் கூட்டுவதும் அந்தக் கணக்கில் வராது. "அவர் எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறார், இதைக்கூடச் செய்யக் கூடாதா?" என்று மனசு கேட்கும். அவர் செய்தது அவருடைய பணி. அதை அவர் நன்றாகச் செய்ததற்கு நன்றி சொல்லலாம். வீட்டு வேலையால் அதை ஈடுகட்ட முடியாது, ஈடுகட்ட வேண்டியதும் இல்லை.

மறுப்பதற்கும் மரியாதையான வழி உண்டு. "சார், வியாழனுக்குள் மூன்றாம் இயல் தருவதாகச் சொல்லியிருந்தேன். இதை எடுத்தால் அது அடுத்த வாரத்துக்குப் போய்விடும். எது முதலில் வேண்டும், சொல்லுங்கள் சார்." பெரும்பாலான கைடுகள் இந்த இடத்தில் "இயலையே முடிப்பா" என்று சொல்லிவிடுவார்கள். யோசிக்காமல் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, கட்டுரையில் பெயர். இதில்தான் நன்றி என்ற பேச்சு அதிகம் தவறாகப் புழங்குகிறது. சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழு, ஆசிரியராகப் பெயர் போட நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு வேண்டும். எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். நிதி வாங்கித் தந்தது மட்டுமோ, பொதுவாக மேற்பார்வை செய்தது மட்டுமோ போதாது. அப்படிப்பட்டவர்களுக்கு நன்றிப் பகுதியில் இடம். இது மருத்துவத் துறைக்காக எழுதப்பட்டது என்றாலும் மற்ற துறைகளிலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல கைடு இந்த நான்கையும் பல கட்டுரைகளில் நிஜமாகவே செய்திருப்பார். அப்போது அவர் பெயர் வருவது அவர் உரிமை, நீங்கள் தரும் சலுகை ஆகாது. அவர் தொடாத கட்டுரையில் பெயரைச் சேர்ப்பது நன்றியும் ஆகாது. நாளைக்கு அதில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் படிக்காத கட்டுரைக்கு அவர் பதில் சொல்ல வேண்டி வரும். அவருடைய மனைவி பெயரையோ நண்பர் பெயரையோ சேர்க்கச் சொன்னால் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தப் பேச்சைக் கட்டுரை முடிந்த பிறகு எடுத்தால் சண்டையாகும். வேலை தொடங்கும்போதே, "சார், இதில் யார் எந்தப் பகுதி, பெயர் வரிசை எப்படி என்று ஒரு மெயிலில் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: நன்றி வராதபோது

சிலருக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. நான்கு மாதமாக இயல் படிக்கப்படாமல் கிடக்கிறது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறார். அப்படிப்பட்டவருக்கு நன்றியுணர்வை வரவழைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. வராத உணர்வை நடித்தால் உள்ளே கசப்புதான் கூடும்.

இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, நடந்ததில் உண்மையான உதவி எது, தொல்லை எது என்று தனித்தனியாக எழுதிப் பார்ப்பது. தாமதப்படுத்துகிற கைடே தொடக்கத்தில் நல்ல தலைப்பு அமைய உதவியிருக்கலாம். அது உண்மை என்றால் அதற்கான நன்றியும் உண்மைதான். அதைச் சொல்லிவிட்டுத் தாமதத்தைப் பற்றியும் சொல்லலாம், ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது. "மேடம், தலைப்பைச் சுருக்கித் தந்ததால்தான் களப்பணியை இவ்வளவு சீக்கிரம் முடிக்க முடிந்தது. மூன்றாம் இயலை ஜூலை முதல் வாரம் கொடுத்தேன். பருவ அறிக்கைக்கு முன்னால் உங்கள் கருத்து கிடைத்தால் அடுத்ததைத் தொடங்குவேன். எந்த வாரம் வசதிப்படும்?" தேதி போட்டு மெயிலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஆர்ஏசி கூட்டத்தில் முன்னேற்ற அறிக்கையிலேயே அந்தத் தேதிகளை எழுதுங்கள். குற்றச்சாட்டாக எழுத வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். அதற்கு மேல் துறைத்தலைவர், அதற்கும் மேல் மாணவர் குறைதீர்ப்புக் குழு. யுஜிசியின் 2023 விதிப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் குறைதீர்ப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். கைடு மாற்றம் கேட்பதும் நன்றி கெட்டதனம் ஆகாது.

இரண்டாவது, எந்த நன்றிக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை மனதில் வைப்பது. தகாத பேச்சு, தொடுதல், தனியே வரச் சொல்லி வற்புறுத்தல் இவை நடந்தால், "இத்தனை உதவி செய்தவராயிற்றே" என்ற எண்ணத்தைத் தராசில் வைக்கவே வைக்காதீர்கள். உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுதுவதற்குத் துணை வேண்டுமென்றால் நம்பிக்கையான அக்கா ஒருவரையோ ஆசிரியை ஒருவரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்குப் பணம் கேட்பதும் வெளிப்படையான குற்றம். பணம் கொடுத்துவிட்டால் புகார் கொடுப்பது இன்னும் கடினமாகிவிடும்.

ஐந்தாம் படி: நன்றியுரை எழுதுவது

பாதி ஆய்வேடுகளில் நன்றியுரை பைண்டிங் கடை வாசலில் நின்றுகொண்டு எழுதியது போல இருக்கிறது. சீனியருடைய கோப்பைத் திறந்து, பெயர்களை மட்டும் மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. யுஜிசியின் 2018 விதியில் ஆய்வேட்டை பிறர் எழுத்தை நகலெடுத்திருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு உட்படுத்தும்போது நன்றியுரை, முகவுரை, பொருளடக்கம், துணைநூற்பட்டியல் ஆகியவை கணக்கில் சேர்வதில்லை. மற்ற பக்கங்களில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல், இங்கே நூறு சதவீதம் ஒப்புமை இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் உங்கள் ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறும். உலகத்தில் யாரும் அதைத் திறக்கலாம். பலர் முதலில் படிப்பது இந்தப் பக்கத்தைத்தான். நானும் ஒரு புதிய ஸ்காலரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருடைய முந்தைய ஆய்வேட்டின் நன்றியுரையைத்தான் முதலில் புரட்டுவேன்.

வழக்கமான வாக்கியம் இது: "இவ்வாய்வு செம்மையுற நிறைவேற எல்லா வகையிலும் வழிகாட்டிய என் மதிப்பிற்குரிய நெறியாளர் அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றியினைத் தெரிவித்துக்கொள்கிறேன்." யாரும் யாருக்கும் எழுதலாம். கடலூர் முதுநகர் மீனவர் வழக்குச் சொற்களைப் பற்றிய ஆய்வு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதன் நன்றியுரை இப்படி இருக்கலாம்: "நான் சொற்களை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எந்தக் காற்றில், எந்த வலையோடு போகும்போது அந்தச் சொல் வருகிறது என்று கேட்டு வரச் சொன்னவர் என் நெறியாளர். நான்காம் இயல் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. என் அப்பா மருத்துவமனையில் இருந்த மாதங்களில் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அப்பாவைப் பற்றி மட்டும் விசாரித்ததற்கும் அவருக்கு நன்றி." கைடு ஒரு மனிதராக இங்கே தெரிகிறார். இதை எழுத முதல் படியில் சொன்ன நோட்டுப் பக்கங்கள் வேண்டும்.

கைடு உறவு நன்றாக இல்லாமல் போனவர்கள் பொய் எழுத வேண்டாம். "இந்த ஆய்வின் தலைப்பை அமைத்துத் தந்த நெறியாளருக்கு நன்றி" என்று உண்மையாக இருக்கும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். நன்றியுரையில் பழி தீர்ப்பதும் வேண்டாம். அந்தப் பக்கம் சோத்கங்காவில் உங்கள் பெயரோடு நிரந்தரமாக இருக்கும்.

கைடுக்கு அடுத்து யார் யார்? துணை நெறியாளர், ஆர்ஏசி உறுப்பினர்கள், துறையினர், நூலகத்தார் என்ற வரிசையை எல்லோரும் போடுகிறார்கள். விடுபடுகிறவர்கள் வேறு. பரங்கிப்பேட்டையில் கடலுயிரியல் ஆய்வு செய்பவருக்கு வெள்ளாற்று முகத்துவாரத்தில் விடியற்காலையில் படகு ஓட்டியவர். ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவியவர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவன நூலகத்தில் கேட்ட சுவடியை அலுக்காமல் திரும்பத் திரும்ப எடுத்துத் தந்தவர். பைண்டிங்கை ஒரே இரவில் முடித்துக் கொடுத்தவர். இவர்களுக்கும் குறிப்பாகவே எழுதுங்கள். பெயர் போடுவதற்கு முன் "உங்கள் பெயரைப் போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. சமூகவியல், பொது சுகாதார ஆய்வுகளில் தகவல் தந்தவர்களின் அடையாளத்தை மறைப்பதாக வாக்குக் கொடுத்திருப்போம். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் காற்றைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேட்டி எடுத்துவிட்டு, நன்றியுரையில் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் போட்டால், உள்ளே புனைபெயர் கொடுத்ததெல்லாம் வீண். ஆலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அதனால் தொல்லைகூட வரலாம். இவர்களுக்கு "தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசியவர்களுக்கு" என்று பெயரில்லாமல் நன்றி சொல்வதே சரி.

ஆறாம் படி: வைவா நாள்

வைவா பொதுவில் நடப்பது. ஆசிரியர்கள், மற்ற ஸ்காலர்கள் எல்லோரும் வரலாம். புறத்தேர்வாளரின் பயணச் செலவும் மதிப்பூதியமும் பல்கலைக்கழகம் தர வேண்டியவை. உங்கள் செலவு டீ, சமோசாவோடு முடியலாம். பிரியாணி, பேனர், ஆளுக்கொரு பொன்னாடை எல்லாம் வழக்கமாகிவிட்டன என்பதற்காகச் செய்ய வேண்டும் என்றில்லை. மனசார ஒரு சால்வை போட ஆசையிருந்தால் முடிவு அறிவித்த பிறகு போடுங்கள். தேர்வுக்கு முன்னால் வேண்டாம்.

அதைவிட, பேசக் கொடுக்கும் மூன்று நிமிடத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். கைடைப் பற்றி ஒரு சம்பவம், தேர்வாளர் அறிக்கையில் உங்களை யோசிக்க வைத்த ஒரு கேள்வி, உடன் படித்தவர் ஒருவர் செய்த ஒரு உதவி. அம்மா அப்பா வந்திருந்தால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி, ஆய்வு எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியம். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒன்றும் புரியாமல் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: இது கைடுகளுக்கு

நன்றி கீழிருந்து மேலே மட்டும் போகும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் பெயரில் வரும் கட்டுரைகள், நம் பதவி உயர்வுக்கான புள்ளிகள், நாம் படிக்க நேரமில்லாத புது நூல்களின் சாரம் இவற்றில் எவ்வளவு நம் ஸ்காலர்களிடமிருந்து வருகிறது என்று நாமும் ஒரு முறை கணக்கெடுக்கலாம்.

நான் செய்யப் பழகிக்கொண்டவற்றில் முதலாவது, கருத்தரங்கில் பேசும்போது ஸ்காலரின் தரவைக் காட்டினால் அவர் பெயரைச் சொல்வது. "எங்கள் ஆய்வில்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை. அவர் அரங்கில் இருந்தால் கேள்விக்குப் பதில் சொல்ல அவரையே எழுந்திருக்கச் சொல்வேன். இரண்டாவது, இயலைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றாக வந்த இடத்திலும் ஓரத்தில் ஒரு வரி எழுதுவது. "இது எனக்குத் தெரியாது, நல்ல கண்டுபிடிப்பு" என்று எழுத நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மூன்றாவது, படிக்கத் தாமதமானால் நாமே முதலில் சொல்வது: "இந்த வாரம் முடியாது, அடுத்த திங்கள் தருகிறேன்." காத்திருக்கும் ஸ்காலருக்கு அதுவே பெரிய ஆறுதல். பெண் ஸ்காலர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை உண்டு. அதை அவர்கள் கெஞ்சிக் கேட்கும்படி வைக்காதீர்கள். உரிமையாகக் கிடைக்க வேண்டியதை உதவி போலக் கொடுத்து அதற்கு நன்றியை எதிர்பார்ப்பது நம் தொழிலுக்கு அழகில்லை.

வீட்டுக்கு ஏதாவது கொண்டுவந்தால் என்ன செய்வது? முகம் கோணாமல், "துறைக்குக் கொண்டு போப்பா, எல்லோரும் சாப்பிடலாம்" என்று சொல்லிவிடலாம்.

எட்டாம் படி: பட்டம் வாங்கிய பிறகு

இப்போது கையெழுத்து எதுவும் பாக்கியில்லை. எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் நன்றி சொல்லக்கூடிய காலம் இனிமேல்தான் தொடங்குகிறது. வேலை கிடைத்தால் முதல் போன்களில் ஒன்று கைடுக்கு. ஆய்வேட்டிலிருந்து கட்டுரை வந்தால் ஒரு பிரதி. களத்தில் உதவியவர்களுக்கும் ஏதாவது போய்ச் சேர வேண்டும். தடித்த ஆய்வேடு அவர்களுக்கு எதற்கு? கண்டறிந்ததை நான்கு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876-இல். அவரிடம் படித்த உ.வே.சாமிநாதையர் ஆசிரியரின் வரலாற்றை எழுதி, முதல் பாகத்தை 1933-இல் வெளியிட்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் கழிந்த பிறகும், எந்த நூலைப் பாடம் கேட்டார், எந்தச் செய்யுள் எப்போது பிறந்தது, யார் யார் வந்து போனார்கள் என்று அவரால் விவரமாகச் சொல்ல முடிந்தது. நாம் எல்லோரும் வரலாறு எழுத வேண்டியதில்லை. நம்மிடம் ஒரு மாணவர் வந்து ஒரு நல்ல முறையைக் கற்றுக்கொள்ளும்போது, "இது நான் என் கைடிடம் கற்றது" என்று அவர் பெயரோடு சொன்னால் போதும்.

ஓய்வு பெற்ற கைடுகளை ஆசிரியர் தினத்தன்று வாட்ஸ்அப்பில் வரும் பூங்கொத்துப் படத்தோடு விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குக் கேள்வி கொண்டுபோங்கள். "சார், உங்கள் பகுப்பாய்வு முறையை என் மாணவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒரு சந்தேகம் கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை" என்று ஒரு போன் செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பேச்சு நீளும், கையில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.